பெர்ரிவில் என்னும் சிற்றூர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) என்றவுடன் கெட்டிஸ்பர்க் முதலிய பெருங்களங்களே நம் நினைவில் எழும். சரித்திர நூல்கள் ஓரிரு வரிகளிற் கூறிக் கடந்து செல்லும் களங்களும் பல உள. அவற்றுள் ஒன்றாகிய பெர்ரிவில்லைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். படைத்தலைவர் பெற்ற வெற்றி தோல்விகளினும், அவ்வூரார் பட்ட பாடே நம் கருத்தை ஈர்த்தது.

கென்டக்கி மாகாணத்தில், சாப்லின் ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூரில் 1862-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 300 பேரே வாழ்ந்தனர். ஒரு கடைவீதி, சில தேவாலயங்கள், சூழவும் சோள வயல்கள், இவையே ஊர். அம்மாகாணம் அடிமை முறையை உடையதாயினும் ஒன்றியத்தினின்று பிரியவில்லை. ஆதலின் ஒரே குடும்பத்துச் சகோதரர் இரு படைகளிலும் சேர்ந்து நின்றதுண்டு.

இத்துணைச் சிறிய ஊரைப் போர் தேடி வந்தமைக்குக் காரணம் யாது? பல சாலைகள் அங்கே கூடின என்பது உண்மையே. ஆயினும் பெருங்காரணம் தண்ணீராகும். அவ்வாண்டு மழை பொய்த்து, ஓடைகள் வறண்டு, ஆங்காங்கே குட்டைகள் மட்டும் எஞ்சின. நாவறண்ட வடபடையினர் டாக்டர்ஸ் கிரீக் என்னும் ஓடையிற் கிடந்த நீரை நாடினர். அக்டோபர் 8-ஆம் நாள் பொழுது புலருமுன் அந்நீர்க்குட்டைகளின் பொருட்டே முதற் கைகலப்பு நேர்ந்தது.

பிற்பகல் 2 மணியளவில் ஜெனரல் பிராக்கின் தென்படை, ஏறக்குறைய 16,000 பேர், கடுந்தாக்குதல் தொடங்கிற்று. வடபடைத்தலைவர் ஜெனரல் பியூயலிடம் 50,000-க்கு மேற்பட்டோர் இருந்தும், களத்தில் உண்மையாகப் பொருதவர் 22,000 பேரளவினரே. காரணம் வியப்புக்குரியது. முன்னாளிற் குதிரையினின்று விழுந்து நோவுற்றிருந்த பியூயல், களத்துக்குச் சில மைல் தொலைவில் தங்கியிருந்தும், போர் மூண்ட ஓசை அவர் செவிக்கு எட்டவில்லை! மலைமேடுகளும் காற்றும் ஒலியைத் தடுத்தன என்பர். இதனை 'ஒலிநிழல்' எனலாம். இதன் இயல்பை நம் பௌதிக வகுப்பு நண்பர்கள் விளக்குவார்களாக. மாலை 4 மணியளவிற்றான் அவருக்குச் செய்தி எட்டியது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வீழ்ந்தனர். அன்று மாலை சண்டை ஊர்த்தெருக்களினுள்ளேயும் புகுந்தது.

இருபடையிலும் இறந்தோர், காயமுற்றோர், காணாமற் போனோர் ஏறக்குறைய 7,600 பேர். அன்றிரவே பிராக் படையுடன் பின்வாங்கினர். களத்தில் வென்றவர் அகன்றனர், தோற்றவர் நிலைத்தனர். அம்மாதத்திலேயே பியூயலும் பதவியிழந்தனர்.

இனி ஊராரின் நிலையைக் காண்போம். 300 பேர் வாழ்ந்த ஊரில் ஆயிரக்கணக்கான புண்பட்டோர் விடப்பட்டனர். வீடு, கடை, தேவாலயம் யாவும் மருத்துவச்சாலைகளாயின. பலகணிக் கதவுகளும் கட்டிலாயின என்று எண்ணினும் மிகையாகாது. குடிக்கவே நீரில்லாத ஊரில் புண் கழுவ நீருக்கு எங்கே போவது? பத்து மைல் தொலைவிலுள்ள டான்வில் நகரத்தின் சென்டர் கல்லூரி, பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1819-இல் நிறுவியது. அதன் கட்டடமும் நோயாளிகளால் நிரம்பிற்று. பாடம் கேட்ட அறைகளில் மாணவரையொத்த வயதினர் மரண வேதனைப்பட்டனர் என்பதை நம்மனோர் எளிதிற் கடந்து செல்லல் இயலாது.

ஹென்றி பாட்டம் என்னும் நிலக்கிழாருடைய வயலிலேதான் போரின் கடுமை மிக்கிருந்தது. அவருடைய களஞ்சியம் தீப்பற்றி எரிந்தது. அதனுட் புகலடைந்த புண்பட்டோர் சிலர் வெந்து மாண்டனர். வடபடையினர் தம் தோழரை அடக்கஞ் செய்தனர். அவ்வுடல்கள் பின்னர்க் கேம்ப் நெல்சன் இடுகாட்டுக்கு மாற்றப்பெற்றன. தென்படையினரின் உடல்களோ நாட்கணக்கில் வெளியே கிடந்தன. பன்றிகள் அவற்றைச் சிதைத்தன. பகைவரென்று பாராமல் பாட்டமும் அயலாரும் 300-க்கு மேற்பட்ட உடல்களைக் குழிகளிற் புதைத்தனர். அவர்களுள் மிகப் பலரின் பெயர் இன்றும் தெரியாது. 1902-இல் அங்கே ஒரு தூண் நாட்டப்பெற்றது. வடபடையினருக்கான தூண் 1931-இல் எழுந்தது.

பாட்டமோ ஒன்றியத்தின் பக்கத்தவர். தம் சோளத்தையும் வைக்கோலையும் பன்றியிறைச்சியையும் வடபடையே கொண்டுபோயிற்று என்று அரசாங்கத்தினிடம் ஈடு கோரினர். அதற்கு முதற்கண் தாம் அரசுக்கு உண்மையுடையவர் என்பதை அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவ்வழக்குப் பல்லாண்டுகள் நீண்டது.