சுவரில் மாட்டும் படம்

பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்களைக் கண்டவர்கள் கீழக்கரை ஜும்ஆப் பள்ளிக்குள் சென்றால் ஒன்றைக் கவனிப்பார்கள். அங்கும் தமிழகக் கல்தச்சர் மரபில் அமைந்த தூண்கள்தாம். ஆனால் மனித உருவம் ஒன்றுகூட இல்லை. பூவும் கொடியுமே. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த 17ஆம் நூற்றாண்டுப் பள்ளி என்பார்கள்.

உருவம் செய்தே பிழைப்பவன் என்ன செய்வான்? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமே ஒருவர் வந்து கேட்டார். உருவம் செய்தவர் அதற்கு உயிர் ஊதும்வரை வேதனை செய்யப்படுவார், அவரால் ஊதவும் இயலாது என்ற நபிமொழியைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. "செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரத்தை, உயிரற்றதைச் செய்யும்" என்ற கருத்தில் வழிகாட்டினார்கள் (புகாரி). பிழைப்பைப் பறிக்கவில்லை, பாருங்கள்!

ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரையை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அதை வெட்டித் தலையணையாக்கியபோது விட்டுவிட்டார்கள். மாட்டி மதிப்பளிப்பதே கடுமையானது என்று உலமாக்கள் பலர் இதிலிருந்து விளக்குவர்.

புகைப்படத்தில் கருத்து வேற்றுமை உண்டு. ஹஜ்ஜுக்குரிய பாஸ்போர்ட் படம் அவசியத்தில் சேரும். மறைந்த தந்தையாரின் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலையிடுவது எந்த அவசியம்? இறக்கி வைத்துவிட்டு, அவருக்காக துஆச் செய்யுங்கள்.