ஒளியில் பேசும் சிப்: எந்தப் படிப்பு வழி?

பொறியியல் கலந்தாய்வுக் காலத்தில் தியாகதுருகம் பிரவுசிங் சென்டர்களில் அப்பா சொல்லச் சொல்ல சாய்ஸ் ஏறுகிறது; பிள்ளை பேசாமல் நிற்கிறது. பட்டியலின் தலையில் ஏ.ஐ. இயற்பியலில் நல்ல பிடிப்புள்ள பிள்ளைகளும் இப்படிப் போவதால் இதை எழுதுகிறேன்.

செம்புக் கம்பிக்குப் பதில் ஒளியால் தகவல் கடத்தும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கு வழிகள் தெரிந்தவையே. சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் இ.சி.இ., பிறகு கேட் எழுதி எம்.டெக். கட்டணம் இடித்தால் பி.எஸ்சி. இயற்பியல், ஜாம் தேர்வு, எம்.எஸ்சி., ஆராய்ச்சி. பிளஸ் டூ முடித்ததுமே இறங்க கொச்சி குசாட்டில் ஐந்தாண்டு எம்.எஸ்சி. ஃபோட்டானிக்ஸ் உண்டு.

எச்சரிக்கை ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸுக்குத்தான். ‘எதிர்காலமே அதுதான் சார்’ என்கிறார்கள். அந்த ஏ.ஐ. எதன்மேல் ஓடுகிறது? ஆயிரக்கணக்கான சிப்புகள் ஓயாமல் தகவல் பரிமாறினால்தான் பெரிய மாடலைப் பழக்க முடியும். வேகம் கூடக் கூடச் செம்பில் சிக்னல் தேய்கிறது, மின்செலவு ஏறுகிறது. ஓரிரு மீட்டர் தாண்டுவதே பாடு. அதனால்தான் என்விடியா 2025 மார்ச்சில், ஒளிப்பகுதியைச் சிப்புக்குப் பக்கத்திலேயே பொருத்திய சுவிட்சுகளை அறிவித்தது. சிலிக்கான் 1550 நானோமீட்டர் ஒளியைக் கடத்தும். ஆனால் தானாக நன்றாக ஒளிராது. லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறு பொருளைச் சேர்க்க வேண்டும். ஒளி கசியாமல் வளைவில் திருப்புவது பைத்தான் வகுப்பில் வராது. மேக்ஸ்வெல் சமன்பாட்டில் வரும். கணினியில் உண்மையாகவே ஆர்வமுள்ளவர் தாராளமாகச் சேரட்டும். ஆனால் புதுப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய, ஆசிரியர் நிலைக்காத கல்லூரியில் கரும்பு விற்ற காசைக் கொட்டாதீர்கள். சேருமுன் அங்கே படிக்கும் மாணவர்களிடம் ஆய்வகம் பற்றிக் கேளுங்கள். விளம்பர நோட்டீசிடம் கேட்காதீர்கள்.

இயற்பியலை ஒழுங்காகப் படித்த என் மாணவர்கள் எந்த வேலையிலும் திணறி நான் பார்த்ததில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கென்றே பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையில் சிறப்பு மையம் இயங்குகிறது. போய்ச் சேரும் இடம் தொலைவிலும் இல்லை.

ஆய்வாளர் ரிச்சர்ட் சோரெஃப் சிலிக்கானில் ஒளியை ஆராய்ந்தது 1980களில். நொடிக்கு 100 ஜிகாபிட் கடத்தும் சிலிக்கான் ஒளிக்கருவியை இன்டெல் சந்தைக்கு அனுப்பியது 2016இல். ஒரு துறை முளைக்க முப்பது ஆண்டு பிடிக்கும்போது, பிள்ளைக்கு ஏழெட்டு ஆண்டு கொடுக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளம் உங்கள் பிள்ளையின் நாட்டத்தைச் சொல்லாது. பிளஸ் டூ புத்தகத்தின் அலை ஒளியியல் பாடத்தைத் தேர்வுக்காக இல்லாமல் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தால் இந்த வழி. பிடிக்காவிட்டால் பிடித்ததைத் தேடட்டும். எதை எடுத்தாலும் அவசரம் வேண்டாம்.