மாத்திரை யாருக்கு?

டி.பார்ம் முடித்த கையோடு மன்னார்குடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் அந்த கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். வலி என்று வருகிறவர்களில் மருந்தின் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. "மேல் வலிக்கு ரெண்டு குடும்மா", "குறுக்கு வலி மாத்திரை, அதான் அந்த மஞ்சளா இருக்குமே", "காய்ச்சலுக்கு ஒரு செட்டு" என்றுதான் கேட்பார்கள். நிறமும் விலையும்தான் அவர்களுக்கு அடையாளம். நானும் முதல் சில வருஷங்கள் வலியின் பெயரைக் கேட்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்தவள்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குப் புரிந்தது என் வீட்டில்தான்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, தினமும் ஈகோஸ்பிரின் 75 சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் முட்டி வலி தாங்கவில்லை என்றார். கடையில் எத்தனையோ பேருக்குக் கொடுக்கிறோம், அப்பாவுக்குக் கொடுத்தால் என்ன என்று அசெக்ளோஃபெனாக் அட்டை ஒன்று எடுத்து வந்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகுதான். வலி பறந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் சோர்வாக இருக்கிறது என்றார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரும்புச் சத்து டானிக் குடிக்கிறாரே, அதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் காலை திண்ணையிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். இரைப்பையில் புண், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 6-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. "வலி மாத்திரை யாரு குடுத்தா?" என்று டாக்டர் கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "கடையில வாங்குனேங்க" என்றார். பொய்யில்லை, ஆனாலும்.

ஈகோஸ்பிரினில் இருப்பது ஆஸ்பிரின். அதுவும் அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் எல்லாமும் ஒரே குடும்பம். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும். ஒன்றைத் தடுக்கும்போது மற்றதும் போகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு புண்ணாகாது என்று நாங்களே சொல்லிச் சொல்லி ஊரை நம்ப வைத்திருக்கிறோம். உண்மையில் எரிச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மருந்து ரத்தத்தின் வழியாகவும் இரைப்பைக்கு வந்து சேருகிறது, சோறு அதை மறிக்காது.

பாராசிட்டமால் தனி ரகம். வீக்கத்துக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை, ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அதிகம் தொந்தரவு செய்யாது. அதன் கோபமெல்லாம் ஈரல் மேல், அதுவும் அளவு மீறினால். ஆகவே தலைவலி, காய்ச்சல், உடம்பு வலி எதுவானாலும் முதலில் கை நீட்ட வேண்டியது இதற்குத்தான். பி.பி. மாத்திரை போடுகிறவர், அறுபது தாண்டியவர், முன்பு அல்சர் வந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி — இவர்களுக்கு அந்த இன்னொரு குடும்பத்தை டாக்டர் சொல்லாமல் தரவே கூடாது. அப்பாவின் விஷயத்துக்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கிய முதல் கேள்வி, "மாத்திரை யாருக்கு?" இரண்டாவது, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" அவசரத்தில் நிற்பவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். "இவ என்னா போலீஸ்காரி மாதிரி" என்று ஒருவர் சொல்லிவிட்டே போனார்.

சம்பா நடவு நேரத்தில் எங்கள் கடையில் கூட்டம் தாங்காது. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்ற பெண்கள் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் வந்து டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிப் போவார்கள். அன்றாடக் கூலியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து வற்றிப்போன உடம்பில் இந்த மாத்திரையைத் தினமும் போட்டால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று விளக்கினால், தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரி பாப்பா, ரெண்டு குடு" என்பார்கள். ஒருமுறை பாறு கழுகு கதையைச் சொன்னேன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்க அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தே தடையானது. மிச்சமிருப்பவற்றில் சிலவற்றை நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பார்க்கலாம். கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "கழுவுக்குத் தடை போட்டாங்க, எங்களுக்கு யாரு போடுவா" என்றார். பதில் இல்லை. சட்டப்படி டைக்ளோஃபெனாக் மாத்திரை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. அட்டையின் ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பது அதற்குத்தான். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வெட்டிக் கொடுத்தோம்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் காய்ச்சல். டெங்குவா சாதாரணக் காய்ச்சலா என்று தெரியாத முதல் இரண்டு மூன்று நாளில் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும், இவை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிகிற மாதிரி வலி என்றாலும் பாராசிட்டமாலோடு நிற்க வேண்டும். "செட்டு" மாத்திரையை நான் வெறுக்கக் காரணமும் இதுதான். காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற அந்த நாலு மாத்திரையில் எது எது இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிற டாக்டருக்கும் தெரியாது.

பாராசிட்டமாலிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு வாத்தியார் காய்ச்சலுக்கு டோலோ 650 போட்டுக்கொண்டிருந்தார். மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை, தலைவலிக்கு சாரிடான், உடம்பு வலிக்கு காம்பிஃப்ளாம். நாலும் நாலு மருந்து என்பது அவர் கணக்கு. நாலிலும் பாராசிட்டமால் இருக்கிறது: சாரிடானில் 250 மில்லிகிராம், காம்பிஃப்ளாமில் 325, சளி மாத்திரைகள் பலவற்றில் 500. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். 650 மாத்திரை ஆறு போட்டாலே 3,900 மில்லிகிராம் ஆகிவிடும். மெலிந்த உடம்புக்காரரும் தினமும் குடிக்கிறவரும் அதற்கு வெகு முன்பே நிறுத்த வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்துவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னமும் பயப்படுவது சொட்டு மருந்துக்கு. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 120, 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சின்ன பாட்டிலில் வரும் சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. ஒரு அப்பாயி, பேரனுக்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பாலாடையில் ஊற்றிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். பாட்டில் சிறியது என்பதால் மருந்தும் லேசானது என்று நினைத்திருக்கிறார். ஓடிப்போய் நிறுத்தினேன். குழந்தையின் எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக் கடைக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கிடையாது. ரை சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் அபாயம் உண்டு. நிமெசுலைடு என்ற இன்னொரு வலி மருந்தும் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2011-லேயே தடைசெய்யப்பட்டது.

மாதவிலக்கு வலிக்கு மட்டும் பாராசிட்டமாலை நான் முதலில் சொல்வதில்லை. அந்த வலிக்கு மூலமே புரோஸ்டாகிளாண்டின் என்பதால் மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் மாதிரியானவைதான் நன்றாகக் கேட்கும், அல்சரோ ஆஸ்துமாவோ இல்லாத பெண் என்றால். முதல்முறை டாக்டரைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் தொடக்கத்திலேயே போட்டு, இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிட வேண்டும். மெஃபெனமிக் ஆசிட் போட்டு உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். 2023 கடைசியில் இந்தியன் பார்மகோபியா கமிஷன் இதைப் பற்றி எச்சரித்தது. கடையில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்ட பெண்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. அது எனக்குக் குறைதான்.

மாத்திரையே கொடுக்காமல் அனுப்பியதும் உண்டு. வாயுப் பிடிப்பு என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே வியர்த்து நின்றவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வலது அடிவயிற்றில் ஆரம்பித்துக் கூடிக்கொண்டே போகும் வலி, இதுவரை வந்தேயிராத கடுமையில் சட்டென்று வந்த தலைவலி, இவற்றுக்கும் கடையில் மருந்து இல்லை. மாதத்தில் பதினைந்து நாள் தலைவலி மாத்திரை வாங்குகிறவருக்கு மாத்திரையே தலைவலியாகிவிடும். பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் பத்து நாளே போதும்.

சில்லறையாக வாங்கும்போது அட்டையைக் காலாவதித் தேதி இருக்கிற பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அப்பாவுக்கு இப்போது முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல், அதையும் டாக்டரைக் கேட்டுத்தான். மேலே தடவுவதில் ரத்தத்துக்குள் போவது மிகக் கொஞ்சம், முட்டிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. வாசனையே இல்லாத மருந்து எப்படி வேலை செய்யும் என்கிறார். வலது முட்டிக்கு ஜெல், இடது முட்டிக்கு அமிர்தாஞ்சன் என்று பிரித்துத் தடவிக்கொண்டு, எது ஜெயிக்கிறது என்று தினமும் காலையில் அம்மாவிடம் அறிவிக்கிறார். இதுவரை அமிர்தாஞ்சன்தான் முன்னால் நிற்கிறதாம்.