மீண்டும் விழுந்து வணங்க

கொடிமரத்தின் முன் ஆடவர் எட்டு உறுப்புகளும் மகளிர் ஐந்து உறுப்புகளும் நிலத்தில் படுமாறு வணங்குவது நம் மரபு. அடிபட்டுத் தேறிய முதியோருக்கோ அதுவே பெருஞ்சோதனை. விழுவதற்கன்று, எழுவதற்கு!

2022இல் படிக்கட்டில் தவறி என் வலக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் சுவரைப் பிடித்தே நடந்தேன். சன்னிதியில் கைகூப்பி நிற்பதோடு சரி.

இந்த அச்சம் கோழைத்தனம் அன்று, அன்பர்களே. கட்டுக்குள் இருந்த காலில் தசை மெலிகிறது. பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குகிறது. பயந்தவர் உடலை விறைத்து நடப்பார், நடையையும் குறைப்பார். தசை மேலும் தளர்ந்து மறுபடி விழும் வாய்ப்பு கூடும். அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் குழுவினரும் 1990இல் இவ்வச்சத்தை அளக்க ஓர் அளவுகோலே வகுத்தனர். குளிப்பது, உடுத்துவது, நாற்காலியில் அமர்ந்து எழுவது போன்ற 10 அன்றாடச் செயல்கள். ஒவ்வொன்றையும் விழாமல் செய்யும் நம்பிக்கைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். துணிவு செயலுக்குச் செயல் மாறும் என்பது இதனால் விளங்கும். தெருவில் நடப்பவர் குளியலறையில் நடுங்கலாம்.

எனக்குக் கைகொடுத்தது பிசியோதெரபி அம்மையார் கற்பித்த முறை. நகராத நாற்காலியின் முன் நின்று, இருக்கையைப் பிடித்துச் சற்றே தாழ்ந்து எழ வேண்டும். அது பழகியபின், மெத்தைமேல் ஒரு முழங்காலை ஊன்றி எழ வேண்டும். பிறகு இரு முழங்கால், பிறகு கைகளையும் ஊன்றித் தவழும் நிலை, பிறகு ஒருக்களித்து அமர்தல், கடைசியில்தான் படுத்தல். ஒவ்வொரு முறையும் இறங்கிய வழியே எழ வேண்டும். எழத் தெரிந்த ஆழம்வரைதான் இறங்குகிறோம், ஆகவே பயத்துக்கு வேலை குறைவு. மூச்சை அடக்காதிருக்க வாய்விட்டு எண்ணச் சொன்னார். நான் திருவைந்தெழுத்தைச் சொன்னேன். பேசிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாதல்லவா!

காலையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாய்ச்சி பயிலும் சீன மூதாட்டியரோடும் சேர்ந்துகொண்டேன். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றும் அந்த நடைக்கு ஈடான பாடம் கணுக்காலுக்கு இல்லை என்பது என் கருத்து.

மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் எழுந்தால் தலைசுற்றுபவர்களும் மருத்துவரைக் கேளாமல் இப்பயிற்சியைத் தொடக்கூடாது. கோயிலில் முதன்முறை வணங்க, கூட்டமில்லாத நேரமும் ஈரமில்லாத தரையும் பாருங்கள். உறவினர் ஒருவர் உடனிருக்கட்டும். அவர் உங்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நாற்காலியை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும்.