கைபேசியில் ஆஸ்பத்திரி



சில வருஷங்களுக்கு முன் நான் செய்த ஒரு தவறிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். வார்டில் இருந்த ஒரு வாலிபனுக்காக ஜெபிக்கும்படி, அவனுடைய பெயரையும் ஊரையும் வியாதியையும் எழுதி வாட்ஸ்அப் ஜெபக்குழு ஒன்றுக்கு அனுப்பினேன். நல்ல எண்ணத்தோடுதான். சாயங்காலத்துக்குள் அது அவனுடைய ஊருக்கே போய்விட்டது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாருக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவன், “ஐயா, உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்” என்றான். அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

ஆகவே சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். டாக்டர்மார் அங்கே பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. பெற்றோர் பலர் பயந்து மறுத்தார்கள். முகாமின் காலக்கெடுவையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை காது கேளாமலோ, கண்புரையோடோ, இருதயக் கோளாறோடோ பிறக்கக்கூடும். இதைத் தாய்மாருக்குப் புரியும்படி சொல்ல ஒரு நிமிஷக் குரல்பதிவு போதும். ஆனால் வதந்தி முந்திக்கொண்டது; விளக்கம் பிந்திப்போனது.

2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், கொரோனா நோயோடுகூடத் தவறான தகவல் பெருகுவதையும் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது என்று எச்சரித்தார். அதே வருஷம் ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. வதந்தியின் வேகம் குறையலாம். உண்மையைச் சொல்லும் வேலை ஆஸ்பத்திரியுடையதுதான்.

நன்றாகப் பயன்படுத்தினவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010-லேயே சமூக ஊடகத்துக்கென்று தனி மையம் தொடங்கித் தன் ஊழியரைப் பழக்கியது. 2012 மே 1-ஆம் தேதி, ‘நான் உறுப்புதானம் செய்கிறவன்’ என்று ஒருவர் தன் பக்கத்தில் தெரிவிக்க பேஸ்புக் வழி செய்தது. சாதாரணமாக அந்நாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 பேர் இணையம் வழியாகப் பதிவு செய்வார்கள். அந்த ஒரே நாளில் 13,054 பேர் பதிவு செய்தார்கள்! அதில் எந்த வியாதியஸ்தருடைய படமும் தேவைப்படவில்லை. அவரவர் தம்மைப் பற்றியே சொன்னார்கள்.

அந்த வித்தியாசத்தில்தான் காரியம் இருக்கிறது. சுவிசேஷத்திலும் அதைப் பார்க்கலாம். மாற்கு முதலாம் அதிகாரத்தில், குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கினவர் அதை வெளியே சொல்லவில்லை. சொஸ்தமானவன்தான் ஊரெல்லாம் சொன்னான். (அவன் கட்டளையை மீறினது வேறொரு பாடம்.)

நம் நாட்டு விதியும் தெளிவாகவே இருக்கிறது. வியாதியஸ்தரை அடையாளம் காணக்கூடிய படத்தை அவர் அனுமதியின்றி டாக்டர் வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ நடத்தை விதிகள் சொல்லுகின்றன. சமூக ஊடகத்துக்கென்றே 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதிகளே திரும்பவும் நடைமுறைக்கு வந்தன. போன் வழி வைத்தியத்துக்காக 2020 மார்ச் 25-இல் வெளியான அரசு வழிகாட்டுதலும், வியாதியஸ்தரின் படத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஒழுங்கீனம் என்கிறது.

கண்ணுக்குமேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிராமத்தில் அது செல்லாது. கட்டில் பக்கத்தில் நிற்கும் தாயாரின் முகம், கையிலுள்ள பச்சை குத்து, எக்ஸ்ரே ஓரத்தில் அச்சான பெயர், இதில் ஒன்று போதும் ஊராருக்கு.

அனுமதி வாங்கினோமே என்பீர்கள். கட்டணச் சலுகை கேட்டு நிற்கிறவர் நம் முகத்தைப் பார்த்து “வேண்டாம்” என்று எப்படிச் சொல்லுவார்? அவர் வீடு திரும்பினபிறகு, பில்லோடு சம்பந்தமில்லாத ஒருவர் கேட்கவேண்டும். படத்தையும் எழுத்தையும் அவருக்குக் காட்டவேண்டும். ஒருமுறை வெளியே போனால் திரும்ப அழைக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். “எங்கள் காசு யாருக்குப் போனது, படம் போடுங்கள்” என்று பங்காளர் சிலர் நியாயமாகவே கேட்கிறீர்கள். கணக்கை முழுவதும் கேளுங்கள், முகத்தைக் கேட்காதீர்கள்.

டாக்டர்மார் குரல்பதிவு அனுப்பும்போது தங்கள் பெயரையும் ஆஸ்பத்திரியையும் தேதியையும் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது. கை மாறும்போது மற்ற அடையாளமெல்லாம் உதிர்ந்துபோகும். பழைய செய்தி புதிதுபோல வந்து நிற்கும். தனி ஒருவருடைய வியாதியைப்பற்றிப் பொதுக்குழுவில் கேள்வி வந்தால், அங்கேயே மருந்து சொல்லாமல் தனியே வரச் சொல்லட்டும். உங்கள் சபைக் குழுவுக்கு வைத்தியக் குறிப்பு வந்தால், சொன்னவர் யார் என்று பாருங்கள். பெயரில்லையா? உங்களோடு நிற்கட்டும்.

இப்போது எங்கள் ஜெபக்குறிப்பில் பெயரும் ஊரும் வார்டு நம்பரும் வருவதில்லை. “அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு தகப்பன்” என்று மட்டும் எழுதுகிறோம். யாருக்காக என்று தெரியாமல் எப்படி ஜெபிப்பது என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அந்த வாலிபனைப்பற்றி அவரிடம் சொன்னேன், பெயரைச் சொல்லாமல்.