சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் நாய் மணி இரண்டு நாள் சோறு தொடாமல் சுருண்டு கிடந்தான். கொடைக்கானலிலேயே ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை போடவில்லை, காய்ச்சல் பார்க்கவில்லை. இரண்டு ஊசி போட்டு, “சரியாயிடும், கூட்டிட்டுப் போங்க” என்றார்கள். என்ன ஊசி என்று கேட்டேன். “சத்து ஊசிதான்.” மறுநாள் ஈறு வெளுத்துவிட்டது. மலையிறங்கி ரத்தம் பார்த்த பிறகுதான் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது, “மேல என்ன மருந்து போட்டாங்க?” எங்களிடம் பதில் இல்லை. 28 நாள் மாத்திரை கொடுத்து மணியைத் தேற்றினோம்.

நம் ஊரில் ஒரு டாக்டர் கைவிட்டால் அடுத்தவரைத் தேடிக் கீழேதான் போகவேண்டும். பழனிப் பக்கம் இறங்கினால் 64 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. அதனால் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கவேண்டும். 101 முதல் 102.5 டிகிரி வரை நாய்க்கு இயல்பு. 104 தொட்டால் காத்திருக்கக் கூடாது. அடுத்து உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளுப்போ மஞ்சளோ நீலமோ தெரிந்தால் அப்போதே கிளம்புங்கள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, மூத்திரம் என்ன நிறம், எத்தனை முறை வாந்தி என்பதை ஒரு நோட்டில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நாம் போடும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு விஷம்.

கொடைக்கானல் வீடுகளில் இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று, இங்கே கடைக்குக் கடை விற்கும் சாக்லேட். கறுப்பாகவும் கசப்பாகவும் இருக்க இருக்க நாய்க்கு ஆபத்து கூடும். மற்றது புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு. அளவு மீறித் தின்றால் நாயின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். தின்றுவிட்டால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று உப்புத்தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கிளம்புமுன் போனில் கேளுங்கள்: டாக்டர் இருக்கிறாரா, ரத்தப் பரிசோதனை உண்டா? நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவமனையிலும் நாயைப் பார்ப்பார்கள்.

மேஜை மேல் ஏற்றியதும் எடை போடச் சொல்லுங்கள். கிலோ கணக்கில்தான் மருந்தின் அளவு. ஊசியை எடுக்கும்போதே நிதானமாகக் கேட்கலாம்: “டாக்டர், ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா கீழ கொண்டு போகணும். என்ன நோய்னு நினைக்கிறீங்க, என்ன மருந்து, எவ்வளவு போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திடுங்க.” காரணத்தோடு கேட்டால் அவர்மேல் சந்தேகப்படுவதாகத் தோன்றாது. எழுத நேரமில்லை என்றால் மருந்துக் குப்பியின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரத்தில் தேறவேண்டும், எது நடந்தால் திரும்ப வரவேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள். வெளியே பத்துப் பேர் காத்திருக்கலாம். ஆனாலும் இது இரண்டு நிமிட வேலை, நாயின் உயிர் இதில் இருக்கிறது.

கீழே போவதென்று முடிவாகி, காத்திருக்கவும் முடியுமென்றால் விடியற்காலையில் இறங்குங்கள். குளிரில் வளர்ந்த நாய்க்குச் சமவெளி வெயில் தாங்காது. ஈரத்துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். அவசரமில்லாத பயணமென்றால் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள், வளைவுகளில் வாந்தி குறையும். குட்டிக்கு இது பொருந்தாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வைத்தியத்தில் அலட்சியம் என்று உறுதியாகத் தெரிந்தால், தேதி போட்டுக் கிளினிக்குக்கே முதலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். பணம் கட்டிப் பார்த்த வைத்தியம் என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். வைத்தியத்துக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. பில், சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் இணைக்க வேண்டும்.

நாங்கள் புகார் எழுதத்தான் உட்கார்ந்தோம். இணைப்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை.