மழைச் சரிவில் சைக்கிள் பிரேக்கு

காரக்கோணம் போன்ற மேடுபள்ளமான எல்லையூர்களில் இரு பருவமழைகளும் சாலையை நனைக்கின்றன. எஃகு விளிம்பு நனைந்ததும் ரப்பர்க் கட்டையின் பிடிப்பு பெரிதும் குன்றும். முதற் சில சுற்றுகள் நீரைத் துடைப்பதிலேயே கழிய, வண்டி அதற்குள் இறக்கத்தின் அடியை அடைந்துவிடும். அலுமினிய விளிம்பில் இக்குறை சிறிது. குடத்தினுள் அமைந்த டிரம் பிரேக்கினுள் மழைநீர் எளிதில் புகாது. நீண்ட மலைப்பாதையில் அது சூடேறித் தளர்வதுண்டு. குறுகிய சரிவுகளுக்கு அதுவே ஏற்றது. எடை மிகுதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குடம் ஆடினால் எந்தப் பிரேக்கும் செவ்வனே இயங்காது. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, ஆட்டமிருப்பின் அச்சிலுள்ள கோனைச் சிறிது சிறிதாக இறுக்குக. மிகை இறுக்கம் குண்டுகளைத் தேய்க்கும். கட்டைகளைப் பின்னரே நேராக்குக. கட்டை டயரில் உரசினால் டயர் அறுபடும்.

பாறை தாண்டும் டிரையல்ஸ் பந்தயத்தார் பிடிப்பிற்காக விளிம்பையே சாணைபிடித்துச் சொரசொரப்பாக்குவதுண்டு. விளிம்பும் கட்டையும் விரைவில் தேயுமாதலால், நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் வண்டிக்கு அம்முறை ஆகாது.